புராஸ்டேட் கதிர்வீச்சுக்கு அல்ட்ராசவுண்ட் எதற்கு?

மேலே சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், நடுவே ஊடுருவிப் போகும் சிறுநீர்க்குழாய். புராஸ்டேட் சுரப்பி இருக்கும் இடம் அத்தனை நெருக்கடியானது. அங்கே கதிர்வீச்சு சில மில்லிமீட்டர் தவறினாலும் பக்கத்து உறுப்புக்குத்தான் கேடு.

1983-க்கு முன்பெல்லாம், சுரப்பிக்குள்ளிருந்தே கதிர்வீச்சு தரும் அயோடின்-125 என்ற கதிரியக்கப் பொருள் அடங்கிய சிறு ‘விதைகளை’ வயிற்றைத் திறந்து, கையால் தடவிப் பார்த்தே பதித்தார்கள். விதைகள் சீராக விழவில்லை. அந்த ஆண்டு டென்மார்க்கின் ஹோல்ம் குழுவினர் வெளியிட்ட, மலக்குடல் வழி அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே விதைகளைப் பதிக்கும் முறைதான் இதை மாற்றியது.

வயிற்றின் மேலிருந்து அல்ட்ராசவுண்டில் பார்த்தால் படம் அவ்வளவு தெளிவாக வராது. சுரப்பி மலக்குடல் சுவரை ஒட்டியே இருப்பதால், விரல் பருமனுள்ள கருவியை ஆசனவாய் வழியே செலுத்துகிறார்கள். தூரம் குறைவு, எனவே அதிர்வெண் கூடிய ஒலியைப் பயன்படுத்தலாம். அதிர்வெண் கூடக்கூடப் படத்தில் நுணுக்கமும் கூடும். கருவியை 5 மி.மீ. வீதம் நகர்த்தி அடுக்கடுக்காகப் படம் எடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் மருத்துவர் சுரப்பியின் விளிம்பை வரைவார். அதை வைத்துக் கணினி, அரிசியைவிடச் சிறுத்த அந்த விதைகள் எங்கெங்கே போகவேண்டும் என்று கணக்கிடும். விதைகளை ஏந்திய ஊசி நுழையும் துளைப்பலகையின் துளைகளும் திரையில் தெரியும் புள்ளிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கும். இந்தப் பொருத்தம்தான் முறையின் உயிர்நாடி.

இந்த அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில் இருப்பது ஒலி மட்டுமே, கதிர்வீச்சு இல்லை. மருத்துவர் சொன்னால், கூச்சத்தால் தள்ளிப்போடாதீர்கள்.