அலை இருந்தால்தான் பவளம்

1836-இல் கோகோஸ் தீவுகளில் இறங்கிய சார்லஸ் டார்வின், பேரலைகள் ஓயாமல் மோதி உடைகிற வெளிவிளிம்பில் பவளம் செழித்து வளர்வதைக் கண்டார். கல்லையே தேய்க்கும் அலை, பவளத்தை வாழவைப்பது எப்படி?

பவளம் இருந்த இடத்திலேயே வாழ்ந்து முடியும் உயிர். அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலில் உணவு தயாரித்துத் தருகின்றன. கூடவே ஆக்சிஜனும் உண்டாகிறது. பவளத்தின் மேனியை ஒட்டி மெல்லிய நீர்ப்படலம் ஒன்று அசையாமல் நிற்கிறது. உள்ளே வரும் சத்தும் வெளியேறும் ஆக்சிஜனும் அதைக் கடந்தாக வேண்டும். நீர் சுழித்தோடினால் படலம் மெலியும், தேங்கினால் தடிக்கும். பவளமும் சும்மா இருப்பதில்லை. மேனியிலுள்ள நுண்ணிழைகளை அசைத்துக் குட்டிச் சுழல்களை எழுப்பி, நீரைத் தானே கிளறிக்கொள்கிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது.

கடல் சூடேறும்போது இந்த நீரோட்டம் உயிர்ப் பிரச்சினையாகிறது. வெளியேறாமல் தங்கும் ஆக்சிஜன் நச்சு வடிவங்களாக மாறித் திசுவைத் தாக்குகிறது. பவளம் பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. ஒக்கினாவா பவளங்களை நகமுராவும் வான் வோசிக்கும் சோதித்து 2001-இல் வெளியிட்ட முடிவு இது: வெப்பம் ஒன்றாக இருந்தும், வேகமான நீரோட்டத்தில் இருந்தவை பிழைத்தன, மந்தமான நீரில் இருந்தவை வெளுத்து மடிந்தன.

எல்லாக் கலக்கமும் நல்லதல்ல. புயல் அலை கிளைப்பவளங்களை முறித்துப்போடும். இழுவைமடி கிளப்பும் சேறு பவளத்தின் மேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும்.

அலையால் வாழும் பவளம் அலையை அடக்கவும் செய்கிறது. கரையை நோக்கி வரும் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைப் பவளத்திட்டுகள் தணிக்கின்றன என்கிறது 2014-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு. இந்த அரணை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு மன்னார் வளைகுடாவே சாட்சி. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் அங்கே பல்லாண்டுகள் பவளக்கல் வெட்டினார்கள். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. கரைந்துவந்த வான் தீவைக் காக்க, செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று.

கடலின் சூட்டை ஒரு மாவட்டமோ மாநிலமோ தனியாகத் தணித்துவிட முடியாது. நீரோட்டத்தைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது. தூண்டில் வளைவோ துறைமுகச் சுவரோ கட்டும் முன், அது பவளத்திட்டுக்குப் போகும் நீரை மறிக்குமா, சேற்றைத் திருப்பிவிடுமா என்று கணக்கிட வேண்டும். பவளம் நடும் இடங்களிலும் வெப்பத்தோடு நீரோட்டத்தையும் அளக்க வேண்டும். நல்ல ஓட்டமுள்ள திட்டுகளே அடுத்த வெப்ப அலையைத் தாங்கக்கூடியவை. முதல் பாதுகாப்பு அவற்றுக்கே கிடைக்கட்டும்.