கனவென்று கலைக்கப்படும் கதைகள்

இருபத்திரண்டாம் நூற்றாண்டிலிருந்து வந்த ரோபோ பூனை டோரேமானும், படிப்பிலும் விளையாட்டிலும் பின்தங்கிய சிறுவன் நோபிதாவும் குழந்தைகள் உள்ள வீடுகளுக்குப் புதியவர்கள் அல்லர். ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற புனைபெயரில் ஹிரோஷி ஃபுஜிமோட்டோ படைத்த இச்சித்திரக் கதை, 1969 டிசம்பரில் ஜப்பானியச் சிறுவர் இதழ்களில் தொடங்கி, பின்னர் தொலைக்காட்சித் தொடராகவும் நிலைபெற்றது.

1980-களில் ஜப்பானில் ஒரு வதந்தி பரவியது. நோபிதா நினைவிழந்து மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கிறான்; டோரேமானும் அதன் வயிற்றுப் பையிலிருந்து வெளிவரும் அதிசயப் பொருள்களும் அவன் காணும் கனவு; தொடர் அப்படித்தான் முடியப் போகிறது என்றனர். அத்தகைய முடிவை ஃபுஜிமோட்டோ எழுதவே இல்லை. 1996-இல் அவர் மறைந்தபோது கதைக்கு நிலையான முடிவும் இருக்கவில்லை. அந்த வெற்றிடத்தை ஊகம் நிரப்பிக்கொண்டது.

'போக்கிமான்' தொடரின் ஆஷ் குறித்தும் இதேபோன்ற ஊகம் உண்டு. ஆண்டுகள் பல கடந்தும் அவனுக்கு ஏன் வயது ஏறவில்லை என்ற கேள்விக்கு, அவன் மயக்கத்தில் கனவு காண்கிறான் என்பது ரசிகர்கள் சிலரின் விடை. உண்மைக் காரணம் எளியது. சிறுவர் தொடர்களின் பார்வையாளர்கள் வளர்ந்து விலக, புதிய குழந்தைகள் வந்து சேர்கிறார்கள். அவர்களுக்காகவே நாயகன் சிறுவனாக நீடிக்கிறான்.

'எல்லாம் கனவு' என்ற விளக்கத்தை எந்தக் காட்சியாலும் மறுக்க இயலாது. முரண்பாடு தென்பட்டாலும் கனவில் அது இயல்பு என்று கூறிவிடலாம். எதையும் விளக்கிவிடும் கூற்று, உண்மையில் எதையும் விளக்குவதில்லை. குழந்தையின் நோயை அதிர்ச்சிக்கான உத்தியாக்குவதும் அறமன்று.

இதனால் இழப்பதும் மிகுதி. 1974-இல் வெளிவந்த ஒரு கதையில் டோரேமான் விடைபெறவேண்டிய நிலை ஏற்படுகிறது. அது கவலையின்றிச் செல்லவேண்டும் என்பதற்காக, தன்னைவிட வலியவனோடு நோபிதா தனியாகவே மோதுகிறான். அடிபட்டு விழுந்தும் விட்டுக்கொடுக்க மறுக்கிறான். எந்த அதிசயப் பொருளும் அன்று அவனுக்குத் துணையில்லை. இதைக் கனவென்று சொன்னால், அச்சிறுவன் முயன்று பெற்ற துணிவும் பொய்யாகிவிடும்.

2005-இல் ஜப்பானிய ரசிகர் ஒருவர் வேறொரு முடிவைத் தாமே வரைந்து வெளியிட்டார். மின்கலம் தீர்ந்து டோரேமான் செயலிழக்கிறது. நோபிதா ஊன்றிப் படித்து, பொறியாளராகி, தன் நண்பனை உயிர்ப்பிக்கிறான். ஆயிரக்கணக்கில் விற்ற அந்நூல், பதிப்புரிமைச் சிக்கலால் நிறுத்தப்பட்டது. ஆயினும் மூலக்கதையை மறுக்காமல் அதன் உட்பொருளை வளர்த்தெடுத்த கற்பனை அது.

ஊகிப்பது வாசகரின் உரிமை. கதையைப் பொய்யாக்குவதுதான் முதிர்ச்சி என்று கருதுவது பிழை. கற்பனை என்று தெரிந்தே குழந்தைகள் ஒரு கதையை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையிலிருந்துதான் துணிவைக் கற்கிறார்கள்.