ஏரிக்கரையில் நம்ம பால்மரம்

தோட்டத்துத் தோழர்களே! சிங்கப்பூருக்கு வந்தால் தேக்கா மார்க்கெட், பெருமாள் கோயில், நகைக்கடை என்று சிராங்கூன் சாலையோடு திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை ஒரு காலைப்பொழுதை மிச்சம் பிடித்து, அப்பர் தாம்சன் சாலைப் பக்கமுள்ள லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துக்குப் போய் வாருங்கள். உள்ளே போகக் கட்டணம் கிடையாது.

இது தானாக உண்டான ஏரி அல்ல. காலாங் ஆற்றை அணைகட்டித் தடுத்து 1910-ல் உண்டாக்கியது. மெக்ரிட்சிக்கு அடுத்து இந்நாட்டின் இரண்டாவது நீர்த்தேக்கம். முதலில் காலாங் ஆற்று நீர்த்தேக்கம் என்றுதான் பெயர். நகராட்சிப் பொறியாளர் ராபர்ட் பியர்ஸின் பெயர் 1922-ல் வந்தது. இதற்கு மேலே இன்னோர் அணை கட்டி, அப்பர் பியர்ஸை 1977-ல் திறந்தார்கள். இங்கிருந்து புறப்படும் காலாங் ஆறு பீஷான், தோ பாயோ பக்கமாக ஓடி மரீனாவில் சேருகிறது. முன்பு கடலுக்குப் போன தண்ணீர் அது. 2008-ல் அங்கே அணை வந்த பிறகு அதுவும் குடிதண்ணீர்க் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஜொகூர் தோட்டமொன்றில் பால்வெட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அங்கே அழைத்துப் போனேன். கரையோரக் காட்டுக்குள் பலகைப் பாதை போகிறது. பாதி வழியில் மனிதர் நின்றுவிட்டார்.

"தம்பி, இது நம்ம பால்மரமாச்சே! இங்க எப்படி?"

"பழைய தோட்டம்தாங்க ஐயா. முன்ன இந்தப் பக்கமெல்லாம் ரப்பர்தான்."

அவர் மரத்தைத் தடவிப் பார்த்தார். "எங்க தோட்டத்துல எல்லாத்தையும் சாச்சிட்டு செம்பனை வச்சிட்டான். பேரப்புள்ளைக்குக் காட்ட ஒரு மரம் இல்ல" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

கதை இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்துக் காட்டை அழித்துக் கம்பீரும் மிளகும் போட்டார்கள். மண் சத்து செத்ததும் விட்டுப் போனார்கள். பிறகு ரப்பர் வந்தது. ஆனால் ஏரிக்குக் காடு வேண்டும். மரமில்லாத மேட்டில் மழை பெய்தால் மண் கரைந்து தண்ணீரோடு வந்து ஏரியைத் தூர்த்துவிடும். வேர் இருந்தால் மண் நிற்கும், தண்ணீர் தெளிந்து வரும். அதனால்தான் நீர்பிடிப்புக் காட்டைக் காப்பாற்றி வைத்தார்கள். வெட்டாமல் விட்ட பால்மரங்களும் அந்தக் காட்டோடு காடாக நிற்கின்றன.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நடக்கலாம், உட்காரலாம், குறித்த இடத்தில் செயற்கை இரை போட்டுத் தூண்டில் பிடிக்கலாம். குளிக்கக் கூடாது, குடிக்கிற தண்ணீர். குரங்குக்குத் தீனி போட்டால் அபராதம்.

ஏரிக்குப் பொறியாளர் பெயர் இருக்கிறது. அந்த மரங்களில் மங்கு வைத்துப் பால் எடுத்தவர்களின் பெயரை எந்தப் பலகையிலும் நான் பார்க்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். மரத்தைக் காட்டி, வேலை எப்படி நடந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.