அக்கரைக் கடை பக்கத்துக் கடை ஆகுமா? செல்போன் வழி தேடும் விதம்!

ராத்திரி 11 மணி. குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. "பக்கத்துல எந்த மருந்துக்கடை இருக்கு?" என்று செல்போனைத் தட்டுகிறீர்கள். பதில் தப்பாக வந்தால்?

சென்னை பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் நின்று பாருங்கள். எதிரே அடையாறு கடலில் கலக்கிறது. அக்கரை, பெசன்ட் நகர்ப் பக்கம். கூப்பிடு தூரம்தான். ஆனால் குறுக்கே இருந்த பாலம் 1977-ல் உடைந்தது. "உடைந்த பாலம்" என்றே அதற்குப் பெயர். சினிமா ஷூட்டிங்கிற்குத்தான் அது உதவியது! மற்றவர்களுக்கு திரு.வி.க. பாலம் வழியாகச் சுற்றுவழி.

வரைபடத்தில் நூல் பிடித்து அளக்கிற கம்ப்யூட்டர், அக்கரைக் கடையைத்தான் "பக்கம்" என்று காட்டும். ஆட்டோ மீட்டர் வேறு கணக்குச் சொல்லும்! ஆகவே ரோட்டு வழியே அளக்கவேண்டும்.

தண்ணீர் மாதிரி...

வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி, நிற்கிற இடத்திலிருந்து தெருத் தெருவாகப் பரவுவது ஒரு வழி. தண்ணீர் முதலில் தொடுகிற கடைதான் பக்கத்துக் கடை. இந்தக் கணக்கைப் போட்டவர் ஹாலந்து நாட்டு டைக்ஸ்ட்ரா. ஆண்டு 1956. ஆம்ஸ்டர்டாம் காபிக் கடையில், காகிதம் பென்சில் இல்லாமல், 20 நிமிடத்தில் யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்!

ஆனால் கடை தூரத்தில் இருந்தால், நடுவில் உள்ள தெருக்களை எல்லாம் தொட்டாகவேண்டும். நேரம் பிடிக்கும். 2003-ல் ஹாங்காங் ஆராய்ச்சியாளர்கள், நூல் கணக்கையே இதற்கு உதவிக்கு இழுத்தார்கள்.

எப்படி? நூல் பிடித்தால் அரை கிலோமீட்டரில் ஒரு கடை. ரோட்டில் அளந்தால் 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சரி, நூல் கணக்கிலேயே 4 கிலோமீட்டரைத் தாண்டுகிற கடைகளைப் பார்க்கவே வேண்டாம். ரோடு ஒருநாளும் நூலைவிடக் குட்டையாக இருக்காதே! அடுத்த கடை, நூலில் 1 கிலோமீட்டர், ரோட்டில் ஒன்றேகால். உடனே எல்லையும் ஒன்றேகாலாகச் சுருங்கிவிடும். அதற்கு வெளியே உள்ள கடைகள் எல்லாம் ரோட்டில் அளக்காமலே அவுட்!

ஒன்று, பாலம் உடைந்த சங்கதி கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தக் கணக்கும் ஆற்றில்தான் கொண்டுபோய் விடும்!

ஆம்புலன்ஸ் கணக்கு

ஒருவழிப் பாதை இன்னொரு தொல்லை. போகிற தூரம் வேறு, திரும்புகிற தூரம் வேறு. மருந்துக்கடைக்கு நாம் போகிறோம். ஆம்புலன்ஸோ நம்மிடம் வருகிறது! அதனால் வண்டி நிற்கிற இடத்திலிருந்து நோயாளி வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்றுதான் பார்க்கவேண்டும்.

ஒவ்வொரு வண்டியிலிருந்தும் தனித்தனியாக அளக்கவேண்டாம். ஒருவழிப் பாதைகளின் திசையைக் கணக்கில் மட்டும் தலைகீழாகத் திருப்பிவிட்டு, நோயாளி வீட்டிலிருந்து ஒரே ஒரு தடவை தண்ணீரைத் திறந்துவிட்டால் போதும். முதலில் நனைகிற வண்டிதான் முதலில் வந்து சேரக்கூடிய வண்டி.