காதோடு வரும் வழிகாட்டி

புதிய ஊருக்குச் செல்பவர் அவ்வூரை அறிந்துகொள்ள நெடுங்காலமாக இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, வழிகாட்டி நூலைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நடப்பது. மற்றொன்று, வழிகாட்டி ஒருவரின் பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக ஓடுவது. நூலைப் பார்த்தால் கோபுரத்தைப் பார்க்க முடியாது. கோபுரத்தைப் பார்த்தால் நூலில் விட்ட வரி மறந்துபோகும். வழிகாட்டியோ நாம் நிற்க விரும்பும் இடத்தில் நிற்பதில்லை. அவர் நிற்கும் இடம் பல வேளைகளில் ஏதேனும் ஒரு கடை வாயிலாக இருப்பதும் உண்டு! இவ்விரு தொல்லைகளுக்கும் மாற்றாக வந்ததே ஒலிப்பதிவு நடையுலா. முன்னரே பதிவு செய்த குரல் காதில் ஒலிக்க, அது காட்டும் வழியே நாம் தனியாக நடக்கிறோம்.

1952ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் இம்முறையின் தொடக்கத்தைக் காணலாம். அங்கே விளக்கவுரை வானொலி அலை வழியாகப் பரப்பப்பட்டது. பார்வையாளர்கள் சிறு கருவியைக் கையில் வைத்துக் கேட்டனர். எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் ஒரே வாக்கியம் ஒலித்ததால், எல்லோரும் ஒருசேரவே அடுத்த படத்துக்கு நகர வேண்டியிருந்தது. பின்னர் ஒலிநாடா வந்தது. 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வந்தது. இன்று அப்பணியைச் செல்பேசியே செய்துவிடுகிறது. இந்த மாற்றங்களுள் பெரிதென்று நான் கருதுவது கருவி சிறுத்தது அன்று. நிறுத்தும் பொத்தான் கேட்பவர் கைக்கு வந்ததே பெரிது. அதன் பயன் என்னவென்று அறிய, செக் நாட்டின் தலைநகரான பிராகில் நடந்து பார்ப்போம்.

இந்நகரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஐரோப்பாவின் பழைய நகரங்கள் பல இரண்டாம் உலகப்போரில் தரைமட்டமாயின. பிராக் பெரும்பாலும் தப்பியது. தேசிய அருங்காட்சியகத்தில் தொடங்கி, பழைய நகரச் சதுக்கம், சார்லஸ் பாலம் வழியாகக் குன்றின் மேலுள்ள கோட்டை வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவுதான். அந்நான்கு கிலோமீட்டரில் அறுநூறு ஆண்டு வரலாறு கிடக்கிறது. அதுவும் பல இடங்களில் தரையிலேயே கிடக்கிறது.

அருங்காட்சியகத்தின் முன்னால் நிற்கிறோம். எதிரே வென்செஸ்லாஸ் சதுக்கம். சதுக்கம் என்று பெயரே தவிர, 750 மீட்டர் நீளமுள்ள அகன்ற சாலை அது. வருபவர் கண்கள் குதிரைமீது அமர்ந்த புனிதரின் சிலைக்கே செல்லும். அப்போது காதில் ஒலிக்கும் குரல், "கீழே பாருங்கள்" என்கிறது. நடைபாதைக் கற்களுக்கிடையே, தரை புடைத்தெழுந்தாற் போல ஒரு சிலுவை கிடக்கிறது. 1969ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், யான் பாலாக் என்னும் இருபது வயது மாணவர் இங்கேதான் தம் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டார். சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புல மாணவர் அவர். அதற்கு முந்தைய ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் நகருக்குள் நுழைந்திருந்தன. அதற்கு நாட்டு மக்கள் மெல்ல மெல்லப் பணிந்து போவதைக் கண்டு பொறுக்காமல் அவர் அவ்வாறு செய்தார். மூன்றாம் நாள் உயிர் நீத்தார்.

1970களில் பிராகுக்கு வந்த ஒருவருக்கு இவ்விடத்தைப் பற்றி அரசின் வழிகாட்டி எதையும் சொல்லியிருக்க இயலாது. பாலாக்கின் கல்லறையையே 1973இல் அகற்றி, சாம்பலைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 1989இல் ஆட்சி மாறிய பின்னரே, 1990இல், அது பிராகுக்குத் திரும்பியது. ஆகவே காதில் ஒலிக்கும் குரல் எதைச் சொல்கிறது என்பதோடு, எந்த ஆண்டில், யாருடைய ஆட்சியில் பதிவானது என்பதையும் கேட்பவர் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த 1968ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறியவர்களுள் ஒருவர், இந்நகரிலேயே 1927இல் பிறந்து, இதே பல்கலைக்கழகத்தில் பயின்ற தமிழறிஞர் கமில் சுவெலபில். தமிழில் இத்தகைய நடையுரை ஒன்றை யாரேனும் எழுதினால் அவர் பெயர் விடுபடக்கூடாது.

சதுக்கத்தின் மறுமுனையைக் கடந்து குறுகிய தெருக்களுக்குள் நுழைகிறோம். இங்கே ஒரு நடைமுறைச் செய்தி. ஒலியுலாவில் இருவகை உண்டு. செயற்கைக்கோள் உதவியால் நாம் நிற்கும் இடத்தை அறிந்து தானாகவே பேசத் தொடங்குவது ஒருவகை. "மஞ்சள் வீட்டைத் தாண்டி இடப்புறம் திரும்புங்கள்" என்று சொல்லிவிட்டு, நாம் பொத்தானை அழுத்தும் வரை காத்திருப்பது இன்னொரு வகை. உயர்ந்த சுவர்களுக்கிடையே நெளிந்து செல்லும் சந்துகளில் முதல் வகை தடுமாறும். அடுத்த தெருவின் கதையை இந்தத் தெருவில் சொல்லும். எனக்கு இரண்டாவதே உகந்தது. எவ்வகையாயினும் ஒரு காதையாவது திறந்து வைத்திருப்பது நல்லது. அந்நாட்டில் நடப்பவருக்காக டிராம் வண்டி நிற்க வேண்டும் என்பதில்லை, வழியுரிமை டிராமுக்கே.

பழைய நகரச் சதுக்கத்தில் பெருங்கூட்டம் ஒன்று மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும். நகரமன்றச் சுவரிலுள்ள வானியல் கடிகாரத்தின் கீழ் அவர்கள் மணியடிப்பதற்காகக் காத்திருக்கிறார்கள். மணி அடித்ததும் எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும். சன்னல்களில் பன்னிரு திருத்தூதர் வலம் வருவர். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். இக்கடிகாரத்தைச் செய்த ஹனுஷ் என்னும் கைவினைஞர் வேறெங்கும் இதுபோலச் செய்துவிடாதபடி நகரத்தார் அவர் கண்களைக் குருடாக்கினர் என்றொரு கதை உண்டு. உண்மையில் 1410இல் இதைச் செய்தவர் காடான் ஊர் மிகுலாஷ். கணக்கிட்டு உதவியவர் யான் ஷிண்டெல் என்னும் வானியல் அறிஞர் என்பர். நல்ல நடையுரை கதையைச் சொல்லிவிட்டு, அது கதைதான் என்பதையும் சொல்லும். மட்டமானது கண்ணைக் குருடாக்கியதோடு நிறுத்திக்கொள்ளும். பக்கத்தில் கட்டடமே இல்லாத வெற்றிடம் இருப்பதையும் சில பதிவுகள் சொல்வதில்லை. 1945 மே மாதத்தில், போர் முடியும் தறுவாயில், நகரமன்றத்தின் ஒரு பகுதி எரிந்துபோன இடம் அது. கடிகாரத்தின் மரப் பொம்மைகளும் அன்று எரிந்தன. இன்று வலம் வருபவை பின்னர்ச் செதுக்கியவை.

கூட்டம் மேலே பார்க்கட்டும். நாம் மீண்டும் கீழே பார்ப்போம். நகரமன்றத்தின் கிழக்குப் பக்கம், தரைக்கற்களில் 27 வெண்ணிறச் சிலுவைகள் பதிக்கப்பட்டுள்ளன. கடிகாரத்தைப் படமெடுப்பவர்கள் பின்வாங்கும்போது அவற்றின் மேல்தான் நிற்கிறார்கள். 1620 நவம்பரில் வெண்குன்றுப் போரில் பேரரசரிடம் தோற்ற கிளர்ச்சியாளர் 27 பேர், 1621 சூன் 21 அன்று இங்கே கொல்லப்பட்டனர். பிரபுக்கள் மூவர், வீரப்பெருமக்கள் எழுவர், நகரமாந்தர் பதினேழு பேர். அவர்களுள் ஒருவர் யான் யெசேனியஸ். மருத்துவர், 1600இல் பிராகில் பலர் முன்னிலையில் பிணத்தை அறுத்து உடற்கூற்றைக் காட்டியவர், பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்தவர். கிளர்ச்சிக்காக நாவன்மையால் வாதாடியவர் என்பதால் முதலில் நாவை அறுத்தனர். பின்னரே தலையை வெட்டினர்.

இங்கே நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட வேண்டும். குழுவோடு வந்தவர்கள் இதற்குள் பாலத்துக்குப் போயிருப்பார்கள். தனியே வந்தவர் இருபத்தேழையும் எண்ணிப் பார்க்கலாம். எண்ணும்போது எவ்வளவு இடம் கடக்கிறோம் என்பது கால்களுக்குத் தெரியும்.

பொத்தானை மீண்டும் அழுத்தினால், சற்றுத் தள்ளியுள்ள மரியன்னைத் தூணைப் பற்றிக் குரல் சொல்லக்கூடும், சொல்லாமலும் போகலாம். 1650இல் எழுப்பிய அத்தூணை 1918இல் மக்கள் கூட்டம் கவிழ்த்தது. 2020 சூனில் அதன் பிரதியை மீண்டும் நிறுத்தினர். அதற்கு முன் பதிவான குரலுக்கு அவ்விடம் வெறுந்தரையே. கண்முன் தூண் நிற்க, குரல் அதைக் காணாமல் கடந்து செல்வது வேடிக்கையான அனுபவம்!

அங்கிருந்து வளைந்து செல்லும் கார்லோவா தெருவில் நடந்தால் பாலத்தின் கோபுரம் எதிர்ப்படும். கொல்லப்பட்டவர்களுள் பன்னிருவரின் தலைகளை இக்கோபுரத்தில்தான் ஏறத்தாழ பத்தாண்டுகள் தொங்கவிட்டிருந்தார்கள். சதுக்கத்தில் கேட்ட கதை பத்து நிமிட நடைக்குப் பின் இங்கே தொடர்கிறது. 1357இல் கட்டத் தொடங்கிய இப்பாலம் 516 மீட்டர் நீளமுடையது. இருபுறமும் 30 சிலைத்தொகுதிகள். விடியற்காலையில் வந்தால் ஆற்றின் ஒலியே போதும், குரல் தேவைப்படாது.

பாலத்துக்கு அப்பால் மாலா ஸ்த்ரானா. நெருதோவா தெருவின் ஏற்றத்தில் வீடுகளின் மேல் மூன்று பிடில்கள், இரண்டு ஞாயிறுகள் என்று அடையாளச் சின்னங்கள் உள்ளன. 1770இல் கதவிலக்கம் வரும் வரை முகவரி அவைதாம்.

ஏற்றத்தின் முடிவில் கோட்டை. அதன் பழைய அரண்மனையில் ஒரு சன்னல். 1618 மே 23 அன்று பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் கிளர்ச்சியாளர்கள் அந்தச் சன்னல் வழியே வெளியே தள்ளினர். மூவரும் பிழைத்துக்கொண்டனர். ஆனால் அதிலிருந்து மூண்ட போர் முப்பது ஆண்டுகள் நீண்டது. சதுக்கத்தில் எண்ணிய 27 சிலுவைகளுக்குக் காரணம் இங்கேதான் தொடங்கியது. விளைவை முன்னதாகவும் காரணத்தை இறுதியிலும் பார்த்திருக்கிறோம். தெருக்கள் ஆண்டு வரிசைப்படி அமைவதில்லை. சன்னலருகே நின்றால் கீழே செந்நிறக் கூரைகளும் தேவாலயக் கோபுரங்களும் தெரிகின்றன. குரல், 22ஆம் எண் டிராம் நிறுத்தத்துக்கு வழி சொல்லிவிட்டு முடிகிறது.