கமக்காரரும் கூட்டுறவும்

யாழ்ப்பாணத்துக் கமக்காரருட் பெரும்பாலார் சில பரப்புக் காணியை நம்பி வாழ்பவர். துலா மிதித்து நீரிறைத்தும், பட்டியடைத்தும், குழை தாழ்த்தும் வன்னிலத்தை நன்னிலமாக்கியவர் அவர்தம் முன்னோர். எனினும், உழைப்பின் பயன் முழுவதும் உழைத்தவன் கையைச் சேர்ந்ததில்லை. அதன் காரணம் யாது? அதனை நீக்கக் கூட்டுறவு செய்வது யாது? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

மலையாளப் புகையிலையை எடுத்துக்கொள்வோம். திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான இப்புகையிலை ஒரு காலத்திற் குடாநாட்டுக்குப் பெரும் பொருளீட்டித் தந்தது. நடுகைக் காலத்தில் எருவுக்கும் கூலிக்கும் பணம் வேண்டும். விற்பனையோ பல மாதங்களின் பின்னரே. இடையிற் கடன் கொடுத்தவனே விளைவை வாங்குபவனுமாயின், விலை கூறும் உரிமை கமக்காரனுக்கு இல்லை. ஆகவே கடனும் விற்பனையும் ஒரே கயிற்றின் இரு புரிகளாம். ஒன்றை மட்டும் அறுத்தாற் கட்டு அவிழாது.

முதற் புரியை அறுக்க வந்தவை ஐக்கிய நாணய சங்கங்கள். இவற்றுக்கான சட்டம் இலங்கையில் 1911 ஆம் ஆண்டிற் பிறந்தது. ஜெர்மனியில் ரைபைசன் என்பார் வகுத்த முறையைத் தழுவி, ஒருவர் கடனுக்கு அங்கத்தவர் யாவரும் பொறுப்பேற்றனர். ஈடுவைக்க நகையில்லாதவனுக்கு அவன் நாணயமே ஈடாயிற்று. இரண்டாம் புரியை அறுக்க 1934 இல் மலையாளப் புகையிலை விற்பனைச் சங்கம் தோன்றியது. தனித்து விற்போர் தம்முட் போட்டியிட்டு விலையைத் தாழ்த்துவர்; சேர்ந்து விற்போர் கொள்வோனோடு சமமாக நின்று பேசுவர். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக விளங்கிய வீரசிங்கம் அவர்கள் கூட்டுறவுக்கு ஆற்றிய தொண்டை யாழ் நகரத்து வீரசிங்கம் மண்டபம் இன்றும் நினைவூட்டுகின்றது.

ஆயினும், சங்கம் அமைத்த மாத்திரத்தே வறுமை அகன்றுவிடாது. வியாபாரி ஒருநாட் சற்றுக் கூடிய விலை கூறுவான். அங்கத்தவர் சிலர் அவனிடம் விற்பர். சங்கம் தான் வாக்களித்த அளவு சரக்கைக் கொடுக்க மாட்டாது நலியும். அது நலிந்தபின் வியாபாரியின் விலை மீண்டும் இறங்கும். அன்றைய ஓர் உரூபா இலாபம் மறு ஆண்டின் நட்டமாதலை உணராத இடத்திற் கூட்டுறவு நிலைக்காது.

மற்றொரு தடையும் உண்டு. 1970 களின் தொடக்கத்திற் சிறு சங்கங்கள் பல பெருஞ் சங்கங்களாக இணைக்கப்பட்டன. அளவு பெருகியது, ஒருவரையொருவர் அறிந்திருந்த நிலை குறைந்தது. அறிமுகமில்லாதவனின் நாணயத்துக்கு யார் பிணை நிற்பார்? 1978 இல் கிரிவந்தெனிய அவர்கள் சிக்கன கடனுதவுச் சங்கங்களுக்குப் புத்துயிரளிக்க முற்பட்டபோது, கிராமத்துச் சிறு சங்கத்தையே அடித்தளமாகக் கொண்டமை நோக்கத்தக்கது.

ஊர் கூடித் தேரிழுக்கையில் வடத்தைப் பிடித்தால் மட்டும் போதாது; இழுக்கவும் வேண்டும். கணக்கறிந்த பழைய மாணவர் தத்தம் கிராமத்துச் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்குச் சென்று, வரவு செலவை வாசித்து, ஐயமுற்றவிடத்து வினவுவாராயின், அதுவே கமக்காரருக்கு அவர் செய்யத்தக்க பெருந்தொண்டாகும்.