சோற்றுக் கைப் பக்கம் முதலில் பார்

ஜூன் மாதம் பிறந்ததும் கேரளத்தில் பள்ளிகள் திறக்கின்றன. புதிதாகச் சேரும் பிள்ளைகளை வரவேற்கும் நாளுக்குப் பிரவேசனோத்சவம் என்று பெயர். பள்ளி வாசலில் தோரணம் கட்டுவார்கள். பலூனும் மிட்டாயும் கொடுப்பார்கள். தென்மேற்குப் பருவமழையும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான் தொடங்கும். புதுப் பை, புதுச் சட்டை, புதுக் குடை என்று திருவனந்தபுரம் நகரம் முழுவதும் சின்னப் பிள்ளைகளாகத் தெரியும்.

சாலைக் கடைத்தெருவை எடுத்துக்கொள்வோம். கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை போகும் தெரு அது. தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறையாக இங்கே வாழ்கின்றன. காலையில் லாரிகளிலிருந்து மூட்டை இறக்குவார்கள். தள்ளுவண்டி, ஆட்டோ, ஸ்கூட்டர் எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போகும். நடைபாதையில் கடைச் சாமான்கள் இருக்கும். இந்த நெரிசலுக்குள்தான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கு நடக்க வேண்டும்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மா சொல்கிறாள்: "பார்த்துப் போ கண்ணு."

பிள்ளையும் பார்த்துத்தான் போகிறது. எதைப் பார்க்கிறது? எதிர்க் கடையில் தொங்கும் பந்தைப் பார்க்கிறது. தேங்கிய தண்ணீரில் மிதக்கும் காகிதத்தைப் பார்க்கிறது. பின்னால் வரும் ஆட்டோவைப் பார்ப்பதில்லை. அதன் மேல் குற்றம் இல்லை. ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணும் காதும் புத்தியும் இன்னும் சாலைக்குத் தயாராகவில்லை.

முதலில் உயரம். பள்ளியில் சேரும் பிள்ளையின் உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். நின்றுகொண்டிருக்கும் ஓர் ஆட்டோ போதும், பிள்ளையை முழுவதும் மறைத்துவிடும். பிள்ளைக்குச் சாலை தெரியாது. ஓட்டுநருக்குப் பிள்ளை தெரியாது. நீங்களே ஒரு நாள் சாலை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். பிள்ளையின் உலகம் எவ்வளவு சின்னது என்று புரியும்.

அடுத்தது வேகம். தூரத்தில் ஒரு கார் வருவது பிள்ளைக்குத் தெரியும். அது எவ்வளவு வேகமாக வருகிறது என்பது தெரியாது. ஹாரன் சத்தம் கேட்கும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சட்டென்று சொல்ல வராது. இன்னொன்றும் உண்டு. "நான் வண்டியைப் பார்த்துவிட்டேன், அப்படியென்றால் வண்டிக்காரரும் என்னைப் பார்த்திருப்பார்" என்று பிள்ளை நினைக்கும். கண்ணைப் பொத்திக்கொண்டு ஒளிந்துவிட்டதாக நினைக்கும் வயது முடிந்து எத்தனை நாள் ஆயிற்று?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சாலையின் அகலம் 7 மீட்டர். பிள்ளை ஒரு நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கிறது. கடக்க 7 நொடி ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 11 மீட்டர் போகும். அந்த 7 நொடியில் அது 77 மீட்டர் வந்துவிடும். 20 மீட்டர் உயரமுள்ள நான்கு தென்னை மரங்களைத் தலைமாட்டில் கால்மாட்டாகப் படுக்க வைத்தால் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம். அவ்வளவு தொலைவில் வரும் வண்டியைப் பார்த்து "அது எங்கேயோ இருக்கிறது" என்று பிள்ளை காலை எடுத்து வைத்துவிடும். ஓட்டுநர் பிள்ளையைப் பார்த்துப் பிரேக்கை மிதிக்கவே ஒரு நொடி ஆகும். அதற்குள் 11 மீட்டர் போய்விடும். மிதித்த பிறகும் வண்டி உடனே நிற்காது. மழையில் நனைந்த சாலையில் இன்னும் வழுக்கிப் போகும்.

சுவீடன் நாட்டில் ஸ்டினா சாண்டல்ஸ் என்ற உளவியல் அறிஞர் 1960-களில் இதை ஆராய்ந்தார். சிறு பிள்ளைகள் சாலையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனித்தார். எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் சின்னப் பிள்ளையைச் சாலைக்கு ஏற்றபடி மாற்றிவிட முடியாது என்பது அவர் கண்ட முடிவு. சாலையைத்தான் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்றார். பத்து வயதுவரை பெரியவர் கை கூடவே வேண்டும் என்று இன்று பல நாடுகளில் சொல்கிறார்கள்.

அப்படியானால் சொல்லித் தரவே வேண்டாமா? வேண்டும். ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் ஏறாது. படத்தைக் காட்டிச் சொன்னாலும் போதாது. நீச்சலைத் தண்ணீரில்தானே பழக்குகிறோம்? சாலையைச் சாலையில்தான் பழக்க வேண்டும். அதுவும் பிள்ளை தினமும் போகப்போகிற அதே வழியில்.

பிள்ளையின் விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். விரலை உருவிக்கொண்டு ஓடுவது எளிது. வண்டி போகும் பக்கம் நீங்கள் நடங்கள். நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலது ஓரமாக நடந்தால் வரும் வண்டி முன்னால் தெரியும்.

சாலை ஓரம் வந்ததும் நில்லுங்கள். ஒரு வண்டியும் இல்லாவிட்டாலும் நில்லுங்கள். இதுதான் முதல் பாடம். பிறகு வலது பக்கம் பார்க்க வேண்டும், இடது பக்கம் பார்க்க வேண்டும், மறுபடியும் வலது பக்கம் பார்க்க வேண்டும். நம் நாட்டில் வண்டிகள் இடது பக்கமாகப் போகின்றன. அதனால் நமக்குப் பக்கத்தில் வரும் வண்டி வலது பக்கமிருந்துதான் வரும். ஆனால் வலது எது, இடது எது என்பது ஐந்து வயதில் குழப்பம். "சோறு சாப்பிடும் கைப் பக்கம்" என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்ளும். இடது கையால் சாப்பிடும் பிள்ளையா? வலது மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டிவிடுங்கள். எம்.ஜி. ரோடு போல நடுவில் திட்டு உள்ள சாலை என்றால் திட்டில் மறுபடியும் நிற்க வேண்டும். அங்கிருந்து வண்டி இடது பக்கமிருந்து வரும். இது பிள்ளை தனியாகச் செய்யக்கூடிய வேலை இல்லை.

கறுப்பு வெள்ளைப் பட்டைக் கோட்டில் நடப்பவருக்கு வண்டி வழி விட வேண்டும் என்பது சட்டம். விடுகிறார்களா என்பது உங்களுக்கே தெரியும். அதனால் கோட்டில் கடந்தாலும் வண்டி நின்ற பிறகே கால் வைக்கப் பழக்குங்கள்.

பேருந்தை விட்டு இறங்கியதும் அதன் முன்னாலோ பின்னாலோ ஓடிக் கடக்கக் கூடாது. பேருந்து போகட்டும், சாலை தெரியட்டும்.

மழைக்காலத்தில் குடையே எதிரி. காற்றுக்குக் குடையை முன்னால் சாய்த்துப் பிடித்தால் எதிரே ஒன்றுமே தெரியாது. சின்னப் பிள்ளைக்கு மழைக்கோட்டு நல்லது. வாங்க வசதி இல்லையென்றால் பெரியவர் குடைக்குள் அழைத்துப் போகலாம். கறுப்புக் குடை மழை இருட்டில் ஓட்டுநருக்குத் தெரியாது. மஞ்சள் நிறம் தூரத்திலேயே தெரியும்.

இன்னொரு தவறு பெரியவர்களாகிய நாம் செய்வது. பள்ளி விடும் நேரம். அம்மா சாலைக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள். பிள்ளை அந்தப் பக்கம் வாசலில் நிற்கிறது. "வா கண்ணு" என்று அம்மா கை காட்டுகிறாள். பிள்ளைக்கு அம்மா முகம் மட்டும்தான் தெரியும், நடுவில் இருக்கும் சாலை மறைந்துவிடும். ஒரே ஓட்டமாக ஓடி வரும். எப்போதும் பள்ளி வாசல் பக்கமே போய் நில்லுங்கள். எதிர்ப் பக்கம் நிற்க வேண்டி வந்தால் கூப்பிடாதீர்கள்.

பிள்ளை எல்லாம் சரியாகச் செய்தும் விபத்து வருவதுண்டு. 2008 டிசம்பரில் கண்ணூர் மாவட்டம் இரிக்கூர் அருகே, பள்ளி விட்டுச் சாலை ஓரமாக வரிசையாக நடந்து வந்த பிள்ளைகள் மேல் ஒரு ஜீப் ஏறியது. பத்துப் பிள்ளைகள் இறந்தார்கள். 2011 பிப்ரவரி 17-ஆம் தேதி திருவனந்தபுரம் கரிக்ககத்தில் நர்சரிப் பிள்ளைகளை ஏற்றி வந்த வேன் பார்வதி புத்தனாற்றில் விழுந்தது. குழந்தைகளும் அவர்களோடு வந்த ஆயாவும் இறந்தார்கள். வரிசையாக நடந்த பிள்ளை மேலும், வேனில் உட்கார்ந்திருந்த பிள்ளை மேலும் என்ன குற்றம் சொல்வது?

அதனால் வேனில் அனுப்புகிறவர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். எத்தனை இருக்கை, எத்தனை பிள்ளை? ஏற்றி இறக்க ஆள் உண்டா? கதவு ஒழுங்காகப் பூட்டுகிறதா? பள்ளி திறக்கும் முன் கேரள மோட்டார் வாகனத் துறையினர் பள்ளி வண்டிகளைச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். ஸ்டிக்கர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், தேதியைப் படியுங்கள். ஸ்கூட்டரில் கொண்டுவிடும் அப்பாக்களுக்கும் ஒரு சொல். 2019-இல் திருத்திய சட்டப்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் வேண்டும். அப்பா தலையில் மட்டும் ஹெல்மெட், முன்னால் நிற்கும் பிள்ளைக்கு வெறும் தலை. இந்தக் காட்சி இன்னும் மறையவில்லை.

திருவனந்தபுரத்தில் நாட்பாக் என்ற போக்குவரத்து ஆராய்ச்சி நிலையம் 1976 முதல் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் பள்ளி வண்டி ஓட்டுநர்களுக்கும் சாலைப் பாதுகாப்பு வகுப்பு நடத்துவதும் அதன் வேலைகளில் ஒன்று. உங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு வகுப்பு வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் கேட்கலாம். பள்ளி வாசலில் வேகத்தடை இல்லையென்றால் வார்டு கவுன்சிலரிடம் மனு எழுதிக் கொடுக்கலாம். பத்துத் தாய்மார் கையெழுத்துப் போட்டால் மனுவுக்கு எடை கூடும்.

மே மாதக் கடைசியில் நான்கைந்து நாள் பிள்ளையோடு பள்ளி வரை நடந்து பாருங்கள். கூட்டம் குறைந்த ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கலாம். பிறகு பள்ளி நேரத்திலேயே நடங்கள். முதல் நாள் நீங்கள் சொல்லிக்கொண்டே கடங்கள். "நிற்கிறேன். சோற்றுக் கைப் பக்கம் பார்க்கிறேன். பைக் ஒன்று வருகிறது. போகட்டும்." மூன்றாம் நாள், நான்காம் நாள் பிள்ளை சொல்லட்டும். ஓரத்தில் நின்று, "இப்போ போகலாமா?" என்று கேளுங்கள்.

"வேண்டாம்மா, ஆட்டோ வருது" என்று பிள்ளை சொல்லும். அப்போதும் மணிக்கட்டை விடாதீர்கள்.